விட்ட இடத்திலிருந்து தொடர்வது: இணையப் பாடங்கள் யாருக்காக நினைவில் வைத்துக்கொள்கின்றன?

இணையவழிப் பாடம் ஒன்றைப் பாதியில் மூடிவிட்டுச் சில நாள் கழித்துத் திறந்தால், அது முதல் பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கும். அல்லது ‘விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?’ என்று கேட்கும். அல்லது எதுவும் கேட்காமல் ஏதோ ஒரு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நிறுவனங்களின் பணியாளர் பயிற்சிக்குப் பாடங்கள் உருவாக்கித் தரும் வேலையில் நான் இருப்பதால், இவற்றில் எது நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டங்களில் அடிக்கடி உட்கார நேர்கிறது. ‘ரெஸ்யூம் வேலை செய்ய வேண்டும்’ என்று வாடிக்கையாளர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனித் தகவல்கள் அடங்கியிருக்கின்றன: கற்பவர் கடைசியாக எங்கே இருந்தார், அதுவரை என்னென்ன செய்தார், பாடத்தை முடித்தாரா இல்லையா. முதலிரண்டும் கற்பவருக்குத் தேவை. மூன்றாவது, அவரைக் கற்க அனுப்பியவருக்குத் தேவை. மூன்றாவதற்காகக் கட்டப்பட்ட ஏற்பாட்டில் முதலிரண்டையும் பின்னர் ஒட்டவைத்ததுதான் இன்று நாம் காணும் பெரும்பாலான குளறுபடிகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸரின் முயற்சியால் 1960இல் உருவான பிளேட்டோ என்னும் கணினிவழிக் கல்வி அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 1970களில் புழங்கிய பிளேட்டோ முனையங்களின் விசைப்பலகையில் நெக்ஸ்ட், பேக், ஹெல்ப் ஆகியவற்றுக்குத் தனித்தனி விசைகளே இருந்தன. பாடத்தின் நடுவே மாணவர் ஹெல்ப் விசையை அழுத்தினால் விளக்கப் பகுதிக்குப் போவார். எந்த அலகிலிருந்து அவர் விலகினார் என்பதை அமைப்பு குறித்து வைத்திருந்து, விளக்கம் முடிந்ததும் அதே அலகுக்குத் திருப்பிக் கொண்டுவரும். பாடங்களை எழுதுவதற்கான டியூட்டர் என்ற மொழியில் ஒவ்வொரு மாணவருக்கும் 150 மாறிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. மாணவர் வெளியேறி மறுநாள் வந்தாலும் அவற்றின் மதிப்புகள் அப்படியே இருக்கும். அடுத்த முறை எந்த அலகிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிப்பதற்கு ரீஸ்டார்ட் என்ற கட்டளையும் உண்டு. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் பாடத்தை எழுதிய ஆசிரியர். ஒருவர் நிறுத்திய இடமும், அவர் மீண்டும் தொடங்குவதற்குத் தோதான இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்ற புரிதல் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

இன்றைய நிறுவனப் பயிற்சிப் பாடங்கள் வேறொரு வழியில் வந்தவை. விமானிகளும் விமானப் பராமரிப்புப் பணியாளர்களும் உரிய பயிற்சியை முடித்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டிய கட்டாயம் விமானத் துறைக்கு எப்போதும் உண்டு. அத்துறையின் கணினிவழிப் பயிற்சிக் குழுவான ஏஐசிசி 1988இல் தொடங்கி, பல நிறுவனங்கள் உருவாக்கும் பாடங்கள் ஒரே அமைப்பில் இயங்குவதற்கான விதிகளை வகுத்தது. பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டம் அந்த விதிகளையும் சேர்த்துக்கொண்டு ஸ்கார்ம் என்ற தரநிலையை உருவாக்கியது. 2001இல் வெளியான ஸ்கார்ம் 1.2 இன்றும் ஓய்வு பெறவில்லை. பாடத்தை எந்த வடிவத்தில் தர வேண்டும் என்று கேட்டால் ‘1.2 போதும்’ என்ற பதிலையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தரநிலையில் எந்தத் தகவலுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று பார்த்தாலே அவர்களுக்கு எது முக்கியமாக இருந்தது என்பது விளங்கும். கற்பவர் நின்ற இடத்தைக் குறிக்கும் ‘லெசன் லொகேஷன்’ புலத்துக்கு 255 எழுத்துகள். அவர் அளித்த விடைகள், பார்த்த பக்கங்கள் போன்ற மற்ற அனைத்தையும் திணித்து வைக்கும் ‘சஸ்பெண்ட் டேட்டா’ புலத்துக்கு 4096. இவ்விரண்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாடத்தை நடத்தும் எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மை அமைப்பு) படிக்க முயலாது. பாடம் கொடுத்ததை வாங்கி வைத்து, கேட்கும்போது திருப்பித் தரும், அவ்வளவுதான். மாறாக, ‘லெசன் ஸ்டேட்டஸ்’ என்ற நிலைப் புலத்தில் எதை எழுதலாம் என்பது கறாராக வரையறுக்கப்பட்டிருந்தது: தேர்ச்சி, நிறைவு, தோல்வி, நிறைவுறாதது, புரட்டிப் பார்த்தது, தொடங்காதது ஆகிய ஆறில் ஒன்று மட்டுமே. மேலாளரின் அறிக்கைக்குப் போவது அந்தப் புலம். ஒருவர் எல்லாப் பக்கங்களையும் படித்துத் தேர்வில் தோற்றாரா, பாதியைப் படித்துத் தேர்வில் வென்றாரா என்று அந்த ஒரே சொல்லால் காட்ட இயலவில்லை என்பதால், ஸ்கார்ம் 2004இல் நிறைவையும் தேர்ச்சியையும் இரண்டு புலங்களாகப் பிரித்தார்கள். அதே 2004 வரிசையின் பிந்தைய பதிப்புகளில் சஸ்பெண்ட் டேட்டாவின் அளவு 64,000 ஆக உயர்ந்தது.

4096 என்பது போதும் போலத் தோன்றும். ஆனால் கிளைகள் நிறைந்த பெரிய பாடத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் திறந்த அடுக்குகள், நகர்த்திய பொருள்கள், தேர்ந்தெடுத்த விடைகள் என்று சேர்த்துக்கொண்டே போனால் அது எதிர்பாராமல் நிரம்பிவிடும். நிரம்பிய பின் வரும் தகவலை எல்எம்எஸ் ஏற்க மறுத்தால், கற்பவர் எத்தனை முறை முன்னேறிச் சென்று மூடினாலும், கடைசியாகச் சேமிக்க முடிந்த அதே பக்கத்துக்கே திரும்பி வருவார். குறிப்பிட்ட ஒரு பக்கத்துக்கு மேல் ரெஸ்யூம் நகரவில்லை என்று புகார் வந்தால் முதலில் இந்த அளவைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். தமிழில் பாடம் செய்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. கற்பவர் தட்டச்சு செய்த விடையையும் அந்தப் புலத்திலேயே சேமிக்கும் பாடங்கள், பாதுகாப்பு கருதி ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை, ஒரு பைட்டுக்கு ‘%’ உட்பட மூன்று எழுத்துகள் என்ற சதவீதக் குறியிட்ட வடிவத்துக்கு மாற்றுவது வழக்கம். யுனிகோடின் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகள் என்பதால், அப்படி மாற்றும்போது அது ஒன்பது எழுத்துகளாகிவிடுகிறது. ‘கி’ என்பது (‘க’வும் இகரக் குறியும்) இரண்டு குறிகள், ஆகவே 18. மொத்தப் புலத்தையும் கொடுத்தாலும் 455 குறிகளுக்கு மேல் கொள்ளாது, அதாவது இரண்டு சிறிய பத்திகள். ஆங்கிலத்தில் நன்றாக ஓடிய பாடம் தமிழாக்கத்தில் மட்டும் நினைவிழப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது, ஆங்கிலப் பதிப்பை மட்டும் சோதித்து ஒப்புதல் தருபவருக்குத் தோன்றாது.

சேமிக்க இடம் இருந்தாலும், எப்போது சேமிப்பது என்ற கேள்வி இருக்கிறது. பாடத்தை மூடும் தருணத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக அனுப்பிவிடலாம் என்பது பழைய பாடங்களில் பரவலாக இருந்த வழி. உலாவியின் சாளரம் மூடப்படும்போது, தகவல் போய்ச் சேரும் வரை உலாவியைக் காத்திருக்க வைக்கும் ஒத்திசைவுக் கோரிக்கை ஒன்றை அவை அனுப்பும். இப்படிக் காக்க வைப்பது உலாவியின் வேகத்தைக் கெடுக்கிறது என்று கருதிய குரோம், 2020 பிப்ரவரியில் வெளியான 80ஆம் பதிப்பில் அதைத் தடை செய்தது. மூடும்போது சேமித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்த பாடங்கள் அன்றிலிருந்து நிறைவு நிலையையும் நின்ற இடத்தையும் தொலைக்கும் அபாயத்துக்கு உள்ளாயின. நிறுவனங்கள் சில காலம் தடையை விலக்கி வைத்துக்கொள்ள வழி தரப்பட்டது. என்றாலும், அடுத்த மாதமே பெருந்தொற்றுக்காக அலுவலகங்கள் மூடப்பட்டு, பயிற்சி முழுவதும் வீட்டுக் கணினிகளுக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த விலக்கு வீட்டுக் கணினிகளை எட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், பழைய பாடங்கள் பல இயங்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கும் முடிவு வந்தது. பழைய பாடங்களைத் தூசி தட்டிப் பழுதுபார்க்கும் வேலை எங்கள் துறையில் அந்த அளவுக்குக் குவிந்த இன்னோர் ஆண்டு எனக்கு நினைவில்லை.

கைபேசியில் ‘மூடுவது’ என்ற நிகழ்வையே நம்ப முடியாது. அழைப்பு வருகிறது, வேறு செயலிக்குப் போகிறார், பிறகு எல்லாவற்றையும் மேலே தள்ளி நீக்கிவிடுகிறார். பாடத்துக்கு விடைபெறும் அறிவிப்பு வருவதே இல்லை. பக்கம் திரையிலிருந்து மறைந்தது என்ற அறிவிப்புதான் நம்பத் தகுந்த கடைசி வாய்ப்பு. ஆகவே ஒவ்வொரு பக்கம் மாறும்போதும், ஒவ்வொரு விடைக்குப் பின்னும் அப்போதைக்கு அப்போதே சேமிப்பதைத் தவிர வேறு ஒழுங்கான வழி கிடையாது. சேவையகத்துக்கு அனுப்பாமல் உலாவியின் உள்ளேயே எழுதி வைக்கும் குறுக்குவழியும் நீடிக்காது: கற்பவர் சஃபாரியைப் பயன்படுத்தும் ஏழு நாளில் அந்தத் தளத்தின் பக்கம் வராவிட்டால், பக்கத்தின் நிரல் எழுதி வைத்ததை சஃபாரி 2020 முதல் அழித்துவிடுகிறது. வாரம் ஒரு முறை மட்டும் படிப்பவருக்கு ஒரு வாரம் தவறினாலே எல்லாம் போய்விடக்கூடும்.

இனி, பூட்டுகளைப் பற்றி. ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் போன்ற பாடம் உருவாக்கும் கருவிகளில் வழிசெலுத்தலுக்கு மூன்று தேர்வுகள் உண்டு: எங்கு வேண்டுமானாலும் போகலாம்; ஏற்கெனவே பார்த்த பக்கங்களுக்கு மட்டும் பட்டியலிலிருந்து தாவலாம்; வரிசைப்படி ஒவ்வொரு பக்கமாக மட்டுமே நகரலாம். நிறுவனங்களின் கட்டாயப் பயிற்சிகளில் மூன்றாவதைக் கேட்பார்கள். பேச்சொலி முடியும்வரை நெக்ஸ்ட் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்பார்கள். படிப்பவர் கேட்பவரை விட வேகமானவர் என்பதும், ஒலியை அணைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரை இந்தப் பூட்டு எதுவும் செய்யாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பதற்குக் காரணம், அந்தப் பயிற்சியில் கற்றதற்கு வேறு சான்று எதுவும் இல்லாததுதான். இறுதியில் வரும் ஐந்து கேள்விகளைப் பயிற்சி பெறாதவரும் ஊகித்து விடையளித்துவிடலாம் என்பதால், திரையின் முன் கழித்த நேரத்தையே சான்றாக்குகிறார்கள்.

இதன் எதிர்முனையில் என்பிடெல் இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் சான்றிதழ்ப் பாடங்கள் இன்று இந்திய அரசின் ஸ்வயம் தளத்தில் நடைபெறுகின்றன. விரிவுரைகளை எந்த வரிசையிலும் பார்க்கலாம்; தளத்துக்கு வராமல் யூடியூபிலேயே பார்த்துவிட்டும் வரலாம். பன்னிரண்டு வாரப் பாடமாக இருந்தால் சிறந்த எட்டு வார ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25 விழுக்காடும், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண். ஒப்படைப்பைக் கெடு முடிவதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திச் சமர்ப்பிக்கலாம். கடைசியாகச் சமர்ப்பித்ததே கணக்கில் வரும். சான்று தேர்வு அறையில் கிடைத்துவிடுகிறது என்பதால், ஒருவர் எந்த விரிவுரையைத் தாண்டிப் போனார் என்று காவல் காக்க வேண்டிய தேவை தளத்துக்கு இல்லை. எட்டாவது வாரத்தின் நடுவில் ஐயம் வந்து மூன்றாவது வாரத்துக்குத் திரும்பிப் போகும் மாணவர் அங்கே விதிமீறல் எதையும் செய்யவில்லை. வழி திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பதைத் திரை வடிவமைப்பவரின் ரசனை முடிவு செய்வதாக நினைக்கிறோம். நான் கண்டவரையில், சான்று எங்கிருந்து வருகிறது என்பதே அதை முடிவு செய்கிறது.

பூட்டுக்கும் ரெஸ்யூமுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தெரிகிறது. திறந்த பாடத்தில் நின்ற இடம் தொலைந்துபோனால் பட்டியலில் இரண்டு முறை தட்டிப் பழைய இடத்தை அடைந்துவிடலாம். இழப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. பூட்டிய பாடத்தில் அதே பிழை, கேட்டு முடித்த நாற்பது நிமிடப் பேச்சை மறுபடியும் கேட்கும் தண்டனையாகிறது. ஆகவே பூட்டு கேட்பவர்கள், சேமிப்பு ஒருபோதும் தவறாது என்பதற்கான செலவையும் ஏற்க வேண்டும். நடைமுறையில் பூட்டுக்கு ஒரு கூட்டம் முழுவதும் செலவாகிறது. சேமிப்பைச் சோதிக்கக் கடைசி நாளின் பிற்பகல் கிடைக்கிறது. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் 2.1 பதிப்பில், பயனர் எதுவும் செய்யாமல் இருந்தால் தரவு தொலையக்கூடும் என்றால் எவ்வளவு நேரத்தில் தொலையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும், 20 மணி நேரத்துக்கு மேல் தரவைக் காக்கும் தளத்துக்கு அந்தக் கடமை இல்லை என்றும் ஒரு விதி இருக்கிறது. அது உயர்நிலை விதிகளில் ஒன்று என்பதால் ஒப்பந்தங்களில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் நன்றாக இருக்கும்.

பல்கலைக்கழகப் பாடங்களை நடத்தும் தளங்கள் ‘முடித்தார்’ என்பதை எப்படிக் கணிக்கின்றன என்பதும் பார்க்க வேண்டியது. ஓப்பன் எடெக்ஸ் தன் இயல்பான அமைப்பில், காணொளியின் 95 விழுக்காட்டை எட்டினால் அதை முடித்ததாகவும், உரைப்பகுதி ஐந்து விநாடி திரையில் இருந்தால் அதைப் படித்ததாகவும் கொள்கிறது. ஐந்து விநாடியில் எதைப் படிக்க முடியும் என்று கேட்கலாம். கணினி அதற்கு மேல் எதை அறிய முடியும் என்றும் திருப்பிக் கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், அங்குள்ள ‘பாடத்தைத் தொடர்க’ என்ற பொத்தான் கடைசியாக முடித்த பகுதியை அடிப்படையாகக் கொண்டு வழிகாட்டுவது. நீண்ட காணொளி ஒன்றைப் பாதிக்கு மேல் பார்த்துவிட்டு நிறுத்தியவருக்கு அந்தக் காணொளி இன்னும் முடியாத பகுதி. பொத்தான் அவரை அதற்கு முந்தைய பகுதியில் கொண்டுபோய் விடும். நின்ற இடமும் முடித்த இடமும் ஒன்றே என்று எண்ணிவிடுவதன் விளைவு இது. மூடுல் தளத்தின் ‘லெசன்’ செயல்பாடு இந்த விஷயத்தில் மரியாதையாக நடந்துகொள்கிறது: நீங்கள் கடைசியாகப் பார்த்த பக்கத்திலிருந்து தொடங்க விரும்புகிறீர்களா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்ற முடிவைக் கற்பவரிடமே விட்டுவிடுகிறது.

கேட்பது நல்லதுதான், ஆனால் நெடுநாள் கழித்துத் திரும்புபவருக்கு அதுவும் போதாது. காணொளி மிகச் சரியாக 14ஆம் நிமிடத்தின் 32ஆம் விநாடியில் தொடங்குகிறது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் பாதியில் நிற்கிறார். அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்பது கற்பவரின் நினைவில் இல்லை. நம் வார இதழ்கள் தொடர்கதைக்கு மேலே ‘முன்கதைச் சுருக்கம்’ போட்டன. ஒரு வார இடைவெளியில் வாசகர் மறந்திருப்பார் என்பதை அவை இயல்பாக எடுத்துக்கொண்டன. பாடம் நடத்தும் தளங்களில் அந்த இயல்பு அரிதாகவே தென்படுகிறது. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே மறதியை அளந்து காட்டிவிட்டார் என்றாலும், நம் முன்னேற்றப் பட்டை ஏறத்தான் தெரிந்தது, இறங்கத் தெரியாதது. கான் அகாடமியின் தேர்ச்சி நிலைகள் இதற்கு விலக்கு: ஒரு திறனில் ‘தேர்ச்சி பெற்றவர்’ என்ற நிலையை எட்டியவரும் பின்னர் அலகுத் தேர்வில் அந்தத் திறனுக்கான கேள்வியைத் தவறவிட்டால் நிலை இறங்கும். மாணவர்களுக்கு அது எரிச்சலூட்டுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கற்பவருக்கு இப்போது என்ன தெரியும் என்பதைப் பற்றி ஏதேனும் சொல்ல முயலும் பதிவு அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மற்றவை அவர் எங்கெல்லாம் போனார் என்பதோடு நின்றுவிடுகின்றன.

கடைசியாக, பாடமே மாறிவிடும் சூழல். நின்ற இடத்தைப் ‘பதினேழாவது பக்கம்’ என்று வரிசை எண்ணால் சேமித்த பாடத்தில், சட்டத் திருத்தம் ஒன்றை விளக்க நடுவில் இரண்டு பக்கங்களைச் சேர்த்தால், பாதியில் நிற்கும் அத்தனை பேரும் அடுத்த முறை தவறான பக்கத்தில் இறங்குவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் மாறாத அடையாளம் கொடுத்து, அதைச் சேமித்தால் இந்தச் சிக்கல் எழாது. பாடத்தை முதலில் உருவாக்கும்போது செய்தால் அரை மணி நேர வேலை, பிறகு செய்தால் பெருஞ்செலவு. விழுக்காட்டுக் கணக்கு இதைவிடச் சங்கடமானது. பாடத்தை முழுவதும் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தவருக்குப் புதிய பகுதி சேர்ந்ததும் 92 விழுக்காடு என்று காட்டினால், தான் செய்ததைத் தளம் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே அவர் எடுத்துக்கொள்வார். எங்கள் குழுவில் இப்போது வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறோம்: முடித்தவர்களின் நிலையைத் தொடக் கூடாது, பாதியில் இருப்பவர்கள் பழைய பதிப்பிலேயே முடிக்கட்டும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மட்டும் புதிய பதிப்பு. திருத்தம் எல்லோருக்கும் கட்டாயம் என்றால் அந்த இரண்டு பக்கங்களைத் தனிச் சிறு பாடமாகக் கொடுத்துவிடலாம். இரண்டு பதிப்புகளையும் சில மாதம் சேர்த்துப் பராமரிக்க வேண்டியிருப்பதால் எல்எம்எஸ் நிர்வாகிகள் இதை விரும்புவதில்லை. அறிக்கையில் ஒரே பாடம் இரண்டு வரிகளாக வருகிறது என்று ஒவ்வொரு முறையும் அவர்களிடமிருந்து அஞ்சல் வருகிறது.